தாடி வைத்த அந்தோணியார்

எங்கள் தோட்டத்து உபதேசியாருக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. அப்புத்தளையில் மத்தியானம் மூன்று மணிக்கு ஏன் மூடுபனி ஏறிவருகிறது என்று கேட்டாலும் சொல்வார். இங்கிலாந்து ராசா காலையில் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டாலும் சொல்வார். ஆனால் கேட்டவுடனே சொல்லிவிட மாட்டார். தோளில் கிடக்கும் துண்டின் நுனியை எடுத்து மூக்கை ஒரு தடவை தேய்த்துக்கொள்வார். "அது எனக்குத் தெரியும்" என்பார். துண்டு மூக்கிலிருந்து தோளுக்குத் திரும்புவதற்குள் பதில் தயாராகிவிடும். தெற்கே கடல் சாப்பிட்டுவிட்டுப் பெருமூச்சு விடுகிறதாம், அதுதான் மூன்று மணிக்கு மேலே வருகிற பனி. ராசா சாப்பிடுவது இரண்டு முட்டையும் நம் தோட்டத்துத் தேயிலையும்.

அவர் பேர் எனக்குத் தெரியும். நான் அந்தத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவன். தினமும் காலைப் பெரட்டில் அவர் பேரைக் கூப்பிட்டு ஆள்வரவு எழுதியவன். ஆனாலும் இங்கே எழுதப்போவதில்லை. தோட்டத்தில் சின்னதிலிருந்து பெரியதுவரை அவரை உபதேசியார் என்றுதான் கூப்பிட்டார்கள். பகலில் அவர் கவ்வாத்துக்காரர். வளைந்த கத்தியோடு மலை மலையாகத் தேயிலைச் செடி வெட்டுவார். வேலை முடிந்ததும் பீலித் தண்ணீரில் குளித்துவிட்டு, ஒரு துரை எந்தக் காலத்திலோ கொடுத்த கறுப்புக் கோட்டை மாட்டிக்கொள்வார். அதில் பொத்தான் இரண்டுதான் இருந்தது. அதோடு, தோட்டத்து வேதக்காரர்களான கிறிஸ்தவர்களின் கோயில் அவர் பொறுப்பு.

நான் சொல்வது ரயில் பதுளைக்கு வராமல் பண்டாரவளையோடு நின்றுவிட்ட காலம். கோயில் என்றால் கோபுரம் ஒன்றும் கிடையாது. கோப்பிக் காலத்தில் கொட்டை காயப்போட்டு வைத்த பழைய ஸ்டோர் அது. கோப்பிக்கு நோய் விழுந்து தேயிலை வந்தபோது சும்மா கிடந்தது. எங்கள் பெரிய கங்காணி திருச்சிப் பக்கத்து வேதக்காரர். அவர் போய்க் கேட்க, எப்படியும் ஒழுகுகிற கூரைதானே என்று துரை கொடுத்துவிட்டார். உள்ளே போனால் மூக்கை மூடிக்கொண்டால்கூடக் கோப்பி வாசனை வரும். அது சாம்பிராணி வாசனைதான், இந்த மலைக்கு ஏறி வரும்போது அப்படி மாறிவிட்டது என்பது உபதேசியார் கட்சி.

நான் முருகனைக் கும்பிடுகிறவன். எனக்கு அந்தக் கோயிலில் வேலையில்லை. ஆனால் உபதேசியார் வாயைக் கிளறுவதற்காகவே வாரத்துக்கு ஒரு தடவையாவது போவேன். ஒவ்வொரு சாமானாகக் காட்டிக் கேட்பேன்.

மணிக்குப் பதிலாக ஒன்றரை முழத் தண்டவாளத் துண்டு ஒன்று கூரையில் தொங்கியது. ரயில் ரோட்டு வேலைக்காரர்கள் போட்டுவிட்டுப் போனது. உபதேசியார் சொன்ன வரலாறு வேறு. அப்புத்தளைக்கு முதல் ரயில் வந்தபோது இந்தத் துண்டின் மேல் சக்கரம் ஏறியதும் அது தானாகவே கோயில் மணி மாதிரி ஒலித்ததாம். வெள்ளைக்கார இஞ்சினியர் பயந்துபோய் அதை அறுத்துக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டாராம். அறுத்துவிட்டால் அப்புறம் ரயில் எப்படிப் போகும் என்று கேட்டேன். அதனால்தான் அந்த இடத்தில் மட்டும் மெதுவாகப் போகிறது என்றார். அந்த ஏற்றத்தில் ரயில் மெதுவாகத்தான் போகும்.

வாசலில் தீர்த்தம் வைக்க நீலப்பூப் போட்ட பீங்கான் கிண்ணம். துரை பங்களாச் சமையல்காரர் கைதவறி விளிம்பை உடைத்துவிட்டு, திட்டுக்குப் பயந்து கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைத்தது. அது சீமையில் சாமியார்களுக்குத் தலைவரான ஒரு மேற்றிராணியார் வீட்டுச் சாமான் என்று உபதேசியார் சொல்லும்போது, அந்தச் சமையல்காரரும் பக்கத்தில் நின்று பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

பாவசங்கீர்த்தனம் கேட்கும் இடம் இன்னும் விசேஷம். குதிரை லாயத்து அரைக்கதவு ஒன்றைக் கொண்டுவந்து மூலையில் நிறுத்தியிருந்தார்கள். பூசைக்கு வரும் சாமியார் அந்தப் பக்கம் உட்காருவார். பாவம் செய்தவர் இந்தப் பக்கம் முழங்காலில் நிற்பார். கதவின் மேல்விளிம்பில் குதிரை கடித்த பல்தடம் வரிசையாக இருந்தது. அதைத் தொட்டுக் காட்டி, இது என்ன என்று கேட்டேன். துண்டு மூக்குக்குப் போயிற்று. பாவத்தை நினைத்து மனம் நொந்தவர்கள் கடித்தது என்றார். இவ்வளவு பெரிய பல் யாருக்கு என்றேன். பெரிய பாவிக்கு என்றார்.

சிலுவைப்பாதைப் படம் பதினாலு இருக்கவேண்டுமாம். எங்கள் கோயிலில் பன்னிரண்டு. ஆண்டவர் சிலுவையோடு விழுகிற படங்களில் இரண்டைக் கறையான் தின்றுவிட்டது. யாராவது எண்ணிப் பார்த்துக் கேட்டால், மலைநாட்டில் ஒரு தடவை விழுந்தால் போதும் என்று சொல்லி அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார்.

இதையெல்லாம் கேட்டுக் கேட்டு எங்கள் தேயிலை ஆலை டீமேக்கரும் நானும் ஒரு பந்தயம் கட்டினோம். உபதேசியார் வாயிலிருந்து 'தெரியாது' என்ற ஒரு வார்த்தையை நான் வரவழைத்துவிட்டால், டீமேக்கர் தன் செவலைச் சேவலை எனக்குத் தந்துவிட வேண்டும். ஆள் உயரத்துக்கு எகிறும் சேவல். அதற்காக நான் கேட்காத கேள்வி இல்லை. எறும்புக்குத் தூக்கம் உண்டா, மலைக்கு வேர் உண்டா, துரைசாணி ஏன் சிரிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. "யாரு சொன்னது, உபதேசியாரே?" என்று ஒவ்வொரு தடவையும் மடக்குவேன். "எனக்குத் தெரியும்" என்பார். சேவல் டீமேக்கர் வீட்டிலேயே கூவிக்கொண்டிருந்தது.

பொய்க்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். வேறு எந்த விஷயத்திலும் அவர் ஒரு பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. கேட்டு வந்தவன் வெறுங்கையோடு போகக்கூடாது என்பது அவர் சுபாவம். பசி என்று வந்தால் தன் ரொட்டியைப் பிட்டுக் கொடுப்பார். கேள்வியோடு வந்தால் பதில் கொடுப்பார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் வந்து வெந்நீர் போடுகிறவர் அவர்தான். வேதக்காரர், சைவக்காரர் என்று பார்க்காமல் எல்லாருக்கும் குழி வெட்டுகிறவரும் அவர்தான். எனக்கு அவரைக் கேலி செய்யவும் பிடிக்கும், அவரையும் பிடிக்கும்.

இனி அந்தோணியார் கதைக்கு வருகிறேன்.

நான் தோட்டத்துக்கு வந்த இரண்டாம் வருஷம் என்று ஞாபகம். வேதக்காரர்கள் எல்லாருமாகச் சேர்ந்து பதுளைச் சாமியாரிடம் ஓர் அந்தோணியார் சுரூபம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பல மாதம் கழித்து மாட்டுவண்டியில் ஒரு மரப்பெட்டி வந்தது. கோயில் வாசலில் வைத்து உடைத்தோம். வைக்கோலை விலக்கினால் உள்ளே இடுப்புயரச் சுரூபம். ஒரு கையில் குழந்தை, மறு கையில் லீலிப்பூ. எல்லாரும் கும்பிட்டார்கள். அப்போது கொழுந்து எடுக்கும் பெண் ஒருத்தி, தங்கள் ஊர்க் கோயில் அந்தோணியாருக்குத் தாடி கிடையாதே என்றாள்.

பார்த்தால், கன்னம் நிறையப் பழுப்புத் தாடி. எல்லாத் தலையும் உபதேசியார் பக்கம் திரும்பியது. துண்டு மூக்குக்குப் போனது.

"அது எனக்குத் தெரியும். ஊருல இருந்தப்ப அவருக்கும் தாடி இல்லதான். கப்பல்ல எத்தன நாளு, வண்டியில எத்தன நாளு? நீ இங்க வந்து எறங்கினப்ப ஒம்புருசன் மொகம் எப்பிடி இருந்துச்சு?"

மன்னாரில் கப்பல் இறங்கிக் காட்டு வழியாக நடந்தே வந்த பழைய ஆட்கள் சிலர் அங்கே நின்றார்கள். அவர்கள் தங்கள் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. நம்மைப்போலவே பாடுபட்டு வந்து சேர்ந்தவர் என்று அந்தச் சுரூபத்தின் மேல் எல்லாருக்கும் ஒரு தனிப் பிரியம் வந்துவிட்டது. தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளை வெட்டித் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் செய்து மாட்டினார் உபதேசியார். அடுத்த சில வருஷத்தில் தோட்டத்தில் பிறந்த ஆண்பிள்ளைகளில் பாதிப்பேர் அந்தோணி. லயத்தில் ஒரு அந்தோணியைக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பதுளையிலிருந்து சாமியார் பூசைக்கு வருவார். அவர் வருகிற அன்றைக்கு மட்டும் அந்தோணியாருக்குக் குளிர் எடுத்துவிடும். கவ்வாத்துக்காரர்கள் மழைக்குப் போடுகிற கறுப்புக் கம்பளியில் ஒரு துண்டு கிழித்து, கழுத்திலிருந்து மூக்குவரை சுற்றிவிடுவார் உபதேசியார். மற்ற நாளில் குளிராதா என்று கேட்டேன். சாமியார் வந்தால் கதவைத் திறந்து வைக்கவேண்டியிருக்கிறதே என்றார். வந்துகொண்டிருந்த சாமியாருக்கு வயது எழுபதுக்கு மேல். கண்ணில் பூ விழுந்திருந்தது. கம்பளிக்கு மேலேயே தீர்த்தம் தெளித்துவிட்டுப் போவார். உபதேசியாருக்கு ஏதோ ஒரு சந்தேகம் எப்போதோ வந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. ஆனால் அத்தனை அந்தோணிகள் பிறந்தபிறகு யாரிடம் போய் என்னவென்று சொல்வார்?

எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயது. என் மனைவி செல்லம்மா கொழுந்துக்குப் போகிறவள். லயத்தின் கடைசி அறையைப் பிள்ளைக்காம்பரா என்போம். மலைக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். பார்த்துக்கொள்ள இரண்டு மூன்று பெண்கள் முறை வைத்து இருப்பார்கள். எங்கள் மகளும் அங்கேதான் வளர்ந்தாள். ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

குழி வெட்டியவர் உபதேசியார்தான். முடிந்ததும் கைமண்ணைக்கூடக் கழுவாமல் எங்கள் வாசலில் வந்து நின்றார். செல்லம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, யாரோடும் பேசவும் இல்லை. அவரைப் பார்த்ததும் மட்டும், "எம்புள்ள எங்கங்கய்யா?" என்று கேட்டாள்.

நான் உள்ளே நின்றுகொண்டிருந்தேன். துண்டு மூக்குக்குப் போவதைப் பார்த்தேன். அந்த ஒரு தடவை அவர் பதில் சொல்லவேண்டும் என்று நானும் தவித்தேன்.

"அது எனக்குத் தெரியும் தாயி. காணாமப்போனத எல்லாம் எடுத்து வச்சிக்கிறவரு அந்தோணியாரு. அவரு கையில பத்திரமா இருக்கு. செவ்வாக்கெழம அவரு நாளு. வந்து பாரு."

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் போனாள். அதற்குப் பிறகு ஒரு செவ்வாய் விடாமல் போனாள். கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு, கூடையை வீட்டில் போட்டுவிட்டு, கோயிலில் அந்தச் சுரூபத்துக்கு எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாள். குழந்தை இருக்கும் அந்தக் கையைத்தான் பார்ப்பாள். வந்து சோறு ஆக்குவாள், சாப்பிடுவாள், தூங்குவாள். எனக்கு அது போதும். யார் சொன்னது என்று நான் கேட்கவே இல்லை.

வருஷம் ஒன்று போயிருக்கும். பழைய சாமியார் படுத்துவிட, புதிதாக இளவயதுச் சாமியார் ஒருவர் வந்தார். மூக்குக்கண்ணாடி போட்டவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒவ்வொரு சாமானாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், சுரூபத்தின் முன்னால் நின்று, இவருக்கு ஏன் இவ்வளவு போர்வை என்று கேட்டுக் கம்பளியை அவிழ்த்துவிட்டார். சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் வாசலில் இருந்தேன்.

சாமியார் சிரித்தார். ஏளனமான சிரிப்பில்லை. "இவர் அந்தோணியார் அல்லவே" என்றார். "இவர் சூசையப்பர். குழந்தை யேசுவை வளர்த்த தகப்பனார். பெட்டி மாறி வந்திருக்கிறது. இவரை அந்தோணியார் என்று யார் சொன்னது?"

துண்டு பாதித்தூரம் போய் நின்றுவிட்டது. உபதேசியார் அதை மெதுவாகத் தோளில் போட்டார். "நாந்தான் சாமி" என்றார். சாமியார் ஒன்றும் கோபிக்கவில்லை. வேறோர் அந்தோணியார் வரவழைத்துத் தருவதாகச் சொல்லிவிட்டுக் குதிரையேறிவிட்டார். நம் சனம்தான் முணுமுணுத்தது. நாலு அந்தோணிகளின் தாய்மார் உபதேசியாரோடு பேசாமல் போனார்கள். அவர் விளக்குமாற்றை எடுத்துப் பெருக்கத் தொடங்கினார்.

செல்லம்மா அன்று கோயிலுக்குப் போயிருக்கவில்லை. சாயந்திரம் பீலிக்கரையில் காதில் விழுந்திருக்கிறது. குடத்தை நிரப்பாமலே வந்தாள். சோறு ஆக்கவில்லை. மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். திங்கட்கிழமையும் அப்படியே. ஒரு வருஷத்துக்கு முந்திய அந்த மழைக்காலம் திரும்பி வந்துவிட்டதென்று பயந்தேன்.

செவ்வாய்க்கிழமை கொழுந்து நிறுத்ததும் அவள் கூடையைக்கூட இறக்காமல் கோயிலுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. உபதேசியார் ஒளிவட்டத்து ஈயத்தாளைச் சாம்பல் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். கம்பளி மடித்துக் கீழே கிடந்தது. நான் வாசலில் அந்த உடைந்த கிண்ணத்தருகே நின்றுவிட்டேன்.

"அந்தோணியாரு இல்லையாமே" என்றாள் செல்லம்மா.

"இல்ல தாயி."

"அப்ப எம்புள்ள யாருகிட்ட இருக்கு?"

கை துண்டைத் தேடிப் போயிற்று. நுனியைப் பிடித்தது. அப்படியே நின்றது. கூரையில் ஒழுகின தண்ணீர் பாவசங்கீர்த்தனக் கதவின் மேல் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"தெரியாது தாயி" என்றார் உபதேசியார். "எனக்குத் தெரியாது. அன்னிக்கு ஒம்மொகத்தப் பாத்துட்டு சொல்லிட்டேன்."

எத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி அவர் காலைப் பிடிக்கலாம்போல் இருந்தது. செல்லம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் முகம் சுவரைப் பார்க்கிற முகமாக மாறிக்கொண்டு வந்தது.

என் தலைத்துண்டின் நுனி எப்படி என் மூக்குக்கு வந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

"அது எனக்குத் தெரியும்" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. வாய் திறந்துவிட்டேன், மேலே போகவேண்டியிருந்தது.

"காலையில பிள்ளைக்காம்பராவுல புள்ளைய யாருகிட்ட குடுத்துட்டுப் போவ?"

"யாரு இருக்காங்களோ அவங்ககிட்ட" என்றாள்.

"சாயந்திரம் வரும்போது?"

"வேற ஒருத்தி வச்சிருப்பா."

"என்னிக்காவது புள்ள மாறியிருக்கா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"இதுவும் அப்பிடித்தான். நாம அந்தோணியாருகிட்ட குடுத்தோம். இவரு வச்சிருக்காரு. புள்ள வளத்தவருன்னு சாமியாரே சொன்னாரில்ல? கையப் பாரு."

அவள் பார்த்தாள். தாடிக்காரர் எப்போதும்போல் குழந்தையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உபதேசியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. "யாரு சொன்னது, கணக்கப்பிள்ளை?" என்று கேட்டார். நான் அவரை அத்தனை வருஷம் மடக்கிய அதே கேள்வி. ஆனால் அவர் மடக்குவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே யாராவது சொல்லியிருக்க மாட்டார்களா என்று கேட்டார்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

செல்லம்மா கூடையை இறக்கி வைத்தாள். கீழே கிடந்த கம்பளித் துண்டை எடுத்து உதறி, சுரூபத்தின் கழுத்தைச் சுற்றினாள். தாடியை மூடவில்லை, கழுத்துக்கு மட்டும். முனையைக் குழந்தையின் தோள்மேல் இழுத்துவிட்டாள். மழை நாளாயிற்றே என்றாள். பிறகு உட்கார்ந்து, அன்றைக்குத்தான் அழுதாள். உபதேசியாரும் நானும் வாசலில் போய் நின்றுகொண்டோம்.

சாமியார் சொன்னபடி வேறோர் அந்தோணியார் வந்தார். மழுங்கச் சிரைத்த முகம், உயரமும் குறைவு. சனம் அவரைச் சின்னவர் என்றும், தாடிக்காரரைப் பெரியவர் என்றும் கூப்பிட்டது. பெரியவருக்குப் பங்குனியில் ஒரு திருநாள், சின்னவருக்கு வைகாசிக் கடைசியில் ஒரு திருநாள். வேதக்காரர்களுக்கு அதில் நஷ்டமில்லை. சின்னவருக்கு ஏன் தாடி இல்லை என்று ஒருநாள் நான் கேட்டுப் பார்த்தேன். இப்போதெல்லாம் கப்பல் வேகமாக வந்துவிடுகிறது என்றார் உபதேசியார். அவர் பழையபடி ஆகிவிட்டார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

டீமேக்கர் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார், அந்த மனுஷன் இன்னும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லையா என்று. இல்லை என்றுதான் சொன்னேன். சேவல் அவர் வீட்டிலேயே கிழடாகிச் செத்தது.